நண்பகலில் அரை மணி நேரம்: பெண்களின் வைட்டமின் டி குறைபாட்டில் சாதியும் உழைப்பும்

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நிலம் நம்முடையது. ஆனாலும், வெயில் பட்டு உடலில் உருவாகும் வைட்டமின் டி இந்நாட்டுப் பெண்களின் இரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கிறது என்று ஆய்வுகள் கால் நூற்றாண்டாகச் சொல்லிவருகின்றன. மைசூரில் 559 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில் 66 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு இருந்தது. லக்னோவில் 207 கர்ப்பிணிகளைச் சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, சற்றே உயர்ந்த அளவுகோலின்படி, 84 விழுக்காட்டினரிடம் குறைபாட்டைக் கண்டது. அங்கே நகரத்துப் பெண்ணுக்கும் கிராமத்துப் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை.

இந்தக் கணக்குகள் வெளியாகும்போதெல்லாம் பெண்களுக்குக் கிடைப்பது ஓர் அறிவுரைதான்: வெயிலில் நில்லுங்கள், பால் குடியுங்கள், மாத்திரை சாப்பிடுங்கள். அறிவுரையில் தவறில்லை. ஆனால், வெயிலில் நிற்கும் நேரம் எந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது, எவருடைய அனுமதியோடு அவள் வெளியே வருகிறாள், அவள் தட்டில் என்ன விழுகிறது என்னும் கேள்விகளை அது கேட்பதில்லை. அவற்றைக் கேட்கத் தொடங்கினால் இது வெறும் சத்துக் குறைபாடாக நிற்பதில்லை. தன் பகல் பொழுதின் மீது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை அளக்கும் அளவுகோலாகவும் ஆகிவிடுகிறது.

உடல் இச்சத்தை எவ்வாறு ஆக்குகிறது

சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர்கள் தோலின் மீது படும்போது, அங்கிருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி ஆக மாறுகிறது. பின்னர் கல்லீரலும் சிறுநீரகமும் அதனைப் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. நாம் உண்ணும் உணவிலிருந்து கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்வதற்கு இதுவே துணை நிற்கிறது. இது குறைந்தால் உண்ட கால்சியத்தில் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறும். இரத்தத்தின் தேவையை ஈடுகட்ட எலும்பு கரையும்.

காலை இளவெயில் உடம்புக்கு நல்லது என்னும் நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. வைட்டமின் டி பொறுத்தவரை அது பெரிதும் உதவாது. சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில் புற ஊதா பி கதிர்கள் மிகக் குறைவாகவே தரையை எட்டுகின்றன. திருப்பதியில் நடந்த ஓர் ஆய்வு, முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் இச்சத்து மிகுதியாக உருவாகிறது எனக் காட்டியது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று இதனை எளிதாக நினைவில் வைக்கலாம். சன்னல் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும். எனவே வெளிச்சம் நிறைந்த அறையில் இருப்பது வெயிலில் இருப்பதற்கு ஈடாகாது.

மாசும் வெயிலை மறைக்கும். டெல்லியின் நெரிசல் மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளையும், மாசு குறைந்த குர்கான் பகுதிக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆய்வில், முதல் பிரிவினரின் சராசரி அளவு மில்லிலிட்டருக்கு 12.4 நானோகிராம், இரண்டாம் பிரிவினருக்கு 27.1. எந்தக் காற்றுக்குக் கீழே யாருடைய குடியிருப்பு அமைகிறது என்பதும் இக்கணக்கில் சேரும்.

கருமையான தோலிலுள்ள மெலனின் கதிர்களை வடிகட்டுவதால், அதே அளவு சத்து உருவாகக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. இது தோலின் குறையன்று. கடும் வெயிலிலிருந்து உடலைக் காக்கும் ஏற்பாடு. ஆனால் 'வெயிலில் நின்றால் கறுத்துப்போவாய்' என்று பெண் பிள்ளைகளை உள்ளே அழைக்கும் குரலுக்கு அறிவியலோடு தொடர்பில்லை. நிறத்தைத் தகுதியாகவும் கருமையை இழிவாகவும் கற்பித்த சாதியப் பண்பாட்டின் குரல் அது. திருமணச் சந்தை அதைப் பெருக்குகிறது. முகப்பூச்சு வணிகம் அதில் இலாபம் பார்க்கிறது.

குறைந்தால் என்ன ஆகும்

மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு எனப் பல ஆய்வுகள் கொள்கின்றன. 12க்குக் கீழ் என்பதே சரி என்போரும் உண்டு. இந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. அளவுகோலை உயர்த்தினால் நோயாளிகளின் எண்ணிக்கையும் மாத்திரை வணிகமும் சேர்ந்தே உயரும். ஆனால் மேற்சொன்ன மைசூர் ஆய்வில் 31 விழுக்காட்டினர் ஏறத்தாழ 11 நானோகிராமுக்கும் கீழே இருந்தனர். கடுமையான அளவுகோலை எடுத்துக்கொண்டாலும் மூவரில் ஒருவர் என்னும் நிலை மாறவில்லை.

கடுங்குறைபாட்டில் எலும்பு மென்மையாகிறது. இடுப்பும் முதுகும் தொடையும் ஓயாமல் வலிக்கும். குத்தவைத்த நிலையிலிருந்து எழவும் படியேறவும் தசை ஒத்துழைக்காது. உழைக்கும் பெண்களிடம் இந்த வலி பெரும்பாலும் வேலைக் களைப்பு என்றோ சோம்பல் என்றோ கடந்து செல்லப்படுகிறது. ஊசி ஒன்று போட்டு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. கருவிலுள்ள குழந்தை தனக்கு வேண்டிய வைட்டமின் டி முழுவதையும் தாயின் இருப்பிலிருந்தே பெறுகிறது. தாயிடம் இல்லாதது குழந்தைக்கும் இல்லை. தாய்ப்பாலிலும் அது குறைவாகவே இருக்கும். கடுமையான நிலையில் பச்சிளங்குழந்தைக்குக் கால்சியம் குறைந்து வலிப்பு வரலாம்; வளரும்போது கால் வளையும் ரிக்கெட்ஸ் நோய் வரலாம். மைசூர்த் தாய்மார்களின் குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோது, குறைபாடுடைய தாய்மாருக்குப் பிறந்தோரின் கைத்தசை ஐந்து வயதிலும் ஒன்பதரை வயதிலும் சிறுத்திருந்தது.

கர்ப்பகால நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றையும் இதனோடு இணைத்துப் பேசுகிறார்கள். அங்கே சான்றுகள் ஒருமித்து நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையிலும், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் தனியாக வைட்டமின் டி மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே இதனைச் சர்வரோக நிவாரணியாகக் காட்டுவோரிடம் எச்சரிக்கை தேவை. எலும்பு, தசை, பிறக்கும் குழந்தையின் கால்சியம் ஆகிய மூன்றுமே நம் கவலைக்குப் போதுமானவை.

பர்தாவிலிருந்து பஞ்சாலைக்கு

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் இந்நோய் முதன்மையாக வசதி படைத்த வீட்டுப் பெண்களின் நோயாக அறியப்பட்டது. ஸ்ரீநகரில் பணியாற்றிய மருத்துவர் கேத்லீன் வான், பர்தா முறையால் தாய்மைக்கு நேரும் தீங்கைப் பற்றி 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். வெளிச்சம் புகாத அந்தப்புரங்களில் அடைபட்ட பெண்களின் எலும்பு மென்மையாகி, இடுப்புக்கூடு உருக்குலைந்து, குழந்தை வெளிவர வழியின்றிப் பிரசவத்தில் அவர்கள் துன்புற்றதை அவர் பதிவு செய்தார். அதே ஊரில் திறந்தவெளியில் உழைத்த படகுக்காரப் பெண்களுக்குப் பிரசவம் எளிதாக இருந்ததையும் ஒப்பிட்டுக் காட்டினார். வறுமை கொடிதாக இருந்தபோதிலும் வெயிலை அவர்களிடமிருந்து எவரும் பறித்திருக்கவில்லை.

அந்த அடைப்புக்கு மதம் மட்டுமே காரணமன்று. இந்து, முஸ்லிம் இரு தரப்பிலும் மேல்தட்டுக் குடும்பங்கள் பெண்ணை அடைத்துவைப்பதைக் கௌரவமாகக் கொண்டிருந்தன. 1916இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் இதன் வேரைச் சுட்டினார்: அகமணமே சாதியின் உயிர்நாடி, அதைக் காப்பதற்கே உடன்கட்டையும் கட்டாயக் கைம்மையும் குழந்தை மணமும் ஏற்பட்டன. பெண்ணின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தாமல் சாதி நிலைக்க முடியாது. அக்கட்டுப்பாட்டின் தடயம் எலும்பிலும் படிகிறது என்பதை வானின் நூல் காட்டியது.

இன்று அடைப்பின் வடிவம் மாறியிருக்கிறது, அடைக்கப்படுவோரும் மாறியிருக்கிறார்கள். திண்டுக்கல், ஈரோடு, கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரங்களின் நூற்பாலைகளில் வளரிளம் பெண்களும் இளம்பெண்களும் விடுதியில் தங்கி வேலை செய்கிறார்கள். 'சுமங்கலித் திட்டம்', 'கேம்ப் கூலி' என்றெல்லாம் வழங்கப்பட்ட முறையை ஆராய்ந்து நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கை, அப்பெண்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் தலித்துகள் என மதிப்பிட்டது. நூல் அறுந்துபோகாதிருக்க ஆலைக்கூடம் ஈரப்பதத்தோடு மூடியே வைக்கப்படுகிறது. இரவு முறைப்பணி முடித்தவள் பகலில் உறங்குகிறாள். பகல் முறைப்பணிக்காரிக்கு நண்பகல் இயந்திரத்தின் முன்னே கழிகிறது. விடுதி வாசலைத் தாண்ட அனுமதி வேண்டும். வெளியே போனாலும் காவலோடுதான். பதினாறு வயது முதல் இருபத்திரண்டு வரை, அதாவது எலும்பு முழு வலுப்பெறும் ஆண்டுகளை, ஒரு பெண் இவ்வாறு கழித்துவிட்டு வெளியேறியதும் திருமணம், அடுத்துக் கர்ப்பம்.

இத்தகைய வேலை உடலில் என்ன செய்யும் என்பதற்கு டாக்காவிலிருந்து சான்று கிடைக்கிறது. அங்கே ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் 18 முதல் 36 வயதுக்குட்பட்ட 200 பெண்களைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில், அவர்களின் சராசரி அளவு மில்லிலிட்டருக்குச் சுமார் 15 நானோகிராமாகவே இருந்தது. எலும்பின் அடர்த்தியும் குறைந்திருந்தது. டாக்காவிலும் வெயிலுக்குக் குறைவில்லை.

சென்னையின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். அடுக்குமாடியில் ஓர் அறை வீடு. வாசலும் படிக்கட்டும் எல்லோருக்கும் பொது. சொந்த மாடியும் முற்றமும் உள்ள பெண்ணுக்குக் கையும் காலும் வெயில்படச் சிறிது நேரம் உட்கார்வது எளிது. பலர் கண்படும் நடைபாதையில் அதைச் செய்யச் சொல்வது, அவளுடைய கூச்சத்தையும் பாதுகாப்பையும் விலையாகக் கேட்பதாகும்.

வெயில் மிகுந்தவர்களின் நிலை

வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் நூறு நாள் வேலையிலும் இருக்கும் தலித் பெண்களுக்கு வெயில் போதாமல் இருக்குமா என்று கேட்கலாம். திருப்பதி வட்டாரத்தில் மருத்துவர் ஹரிநாராயணனும் குழுவினரும் நடத்திய ஆய்வுகளில் கிராமத்தவரின் அளவு நகரத்தவரைவிட மேலாக இருந்தது. ஆனாலும் பலருக்கு அது போதிய அளவை எட்டவில்லை. அவர்களுடைய உணவில் கால்சியம் மிகக் குறைவு. தானியங்களிலுள்ள, கால்சியத்தைச் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட் மிகுதி. கால்சியம் குறையும்போது உடல் தன் வைட்டமின் டி இருப்பை வேகமாகச் செலவழிக்கிறது. ஆக, வெயில் ஒரு பக்கம் கொடுப்பதை வெறுஞ்சோறு மறுபக்கம் கரைத்துவிடுகிறது. கொளுத்தும் வெயிலைத் தாங்கச் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துண்டும் அணிந்து வேலைசெய்யும் பெண்ணின் தோலில் எவ்வளவு கதிர் படும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த வெயில் அவர்களுக்கு நன்மை மட்டும் செய்வதுமில்லை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் உழைத்தோருக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகிய ஆபத்துகள் ஏறத்தாழ இரு மடங்காகின்றன என்றது. எலும்புக்கு வேண்டியது அரை மணி நேர வெயில். கூலிக்காக நிற்பதோ எட்டு மணி நேரம். ஆலைப் பெண்ணுக்கு அந்த அரை மணி கிடைப்பதில்லை. வயல் பெண்ணுக்கு அதற்கு மேற்பட்டதிலிருந்து விடுதலை இல்லை. இருவருக்கும் மறுக்கப்படுவது ஒன்றே: எப்போது வெயிலுக்கு வருவது, எப்போது நிழலுக்குப் போவது என்று தாமே முடிவு செய்யும் உரிமை.

தட்டில் விழுவது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 பன்னாட்டு அலகு வைட்டமின் டி தேவை. 1,000 மில்லிகிராம் கால்சியமும் தேவை. ஒரு முட்டையில் கிடைக்கும் வைட்டமின் டி ஏறத்தாழ 40 அலகுதான். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களில் கூடுதலாக உண்டு. உணவால் மட்டும் இக்குறையை முழுதும் நிரப்ப இயலாது என்பது உண்மை. அதனால்தான் உள்ள உணவையும் பறிப்பது பெருங்கொடுமையாகிறது. மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனையை முதலமைச்சரே மறுத்தார். கர்நாடகத்தில் 2021இல் பள்ளி முட்டையை மடாதிபதிகள் எதிர்த்தனர். சைவத் தூய்மை என்னும் பெயரில் நிகழும் இத்தடையின் சுமை ஏழைக் குழந்தைகளின் எலும்பில் விழுகிறது.

தமிழ்நாட்டின் சத்துணவில் முட்டை உண்டு. அது நீண்ட அரசியலின் பயன். ஆனால் பத்தாம் வகுப்போடு அது நின்றுவிடுகிறது. படிப்பை விட்டு ஆலைக்குப் போகும் பெண்ணுக்கு அத்துடன் முட்டையும் நின்றது. நியாயவிலைக் கடையின் செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்க்கப்படுகின்றன. வைட்டமின் டி இல்லை. செறிவூட்டப்பட்ட எண்ணெயிலும் பாலிலும்தான் அது சேர்க்கப்படுகிறது. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கும் அதிகமான கால்சியம் கொண்ட கேழ்வரகை நியாயவிலைக் கடை வழியே தரும் திட்டம் 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் நம் வீடுகளின் அன்றாடக் கூழாக இருந்த தானியம் அது.

அரசின் கண்ணில் அவள் எப்போது படுகிறாள்

2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, கர்ப்பத்தின் 14ஆம் வாரம் முதல் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை நாள்தோறும் இரு கால்சியம் மாத்திரைகளை அரசு இலவசமாக வழங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 அலகு வைட்டமின் டி3யும் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து இதனை விழுங்கக் கூடாது. உணவோடு எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இந்தச் செய்தியைக்கூட எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் மாத்திரைப் பட்டையை மட்டும் கையில் வாங்கிவரும் பெண்கள் பலர்.

நல்ல திட்டம்தான். ஆனால் பெண் கர்ப்பிணியான பிறகே அது அவளைத் தேடி வருகிறது. எலும்பு வலுவடையும் பருவம் அதற்குள் கடந்துவிடுகிறது. 2016-18இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு வளரிளம் பருவத்தினரில் 24 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி குறைபாடு இருப்பதைக் கண்டது; அந்தக் கணக்கெடுப்பு 19 வயதோடு நின்றது. தனியார் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க ஒரு கூலித் தொழிலாளிக்குப் பல நாள் கூலி செலவாகும். தாய்மையைப் போற்றும் சமூகம், தாயாவதற்கு முன்னும் பின்னும் அந்த உடலை மறந்துவிடுகிறது.

மறப்பதிலும் சாதி உண்டு. 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் கள ஆய்வு செய்து 2006இல் நூலாக வெளியான ஊரகத் தீண்டாமை ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குச் செல்ல மறுத்ததைப் பதிவு செய்தது. மாத்திரை ஊர் வரைக்கும் வந்து சேரிக்கு வராமல் நின்றால், அதைச் சத்துக் குறைபாடு என்று மட்டும் எழுதுவது பாதி உண்மையே.

நாம் கேட்க வேண்டியவை

1928இல் பம்பாய்ச் சட்ட மேலவையில் மகப்பேறுச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனைச் சார்ந்தது என்றும், அதன் செலவில் அரசுக்குப் பொறுப்புண்டு என்றும் வாதிட்டார். உழைக்கும் பெண்ணின் உடலை உரிமைக் கேள்வியாக ஆக்கிய மரபு நமக்கு இருக்கிறது. அந்த மரபில் நின்று சிலவற்றைக் கேட்கலாம்.

முதலாவது, பணியிடத்தில் நேரம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலைவாங்காமல் அரை மணி நேர இடைவேளை தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. பகல் முறைப்பணியில் அந்த இடைவேளை நண்பகலில், திறந்த வெளியில், கண்காணிப்பின்றிக் கிடைக்க வேண்டும். விடுதிப் பெண்கள் தடையின்றி வெளியே சென்றுவர வேண்டும். வயலிலும் சூளையிலும் உழைப்போருக்கு நிழலும் குடிநீரும், கர்ப்பிணிகளுக்குக் கூலி இழப்பில்லாத ஓய்வும் வேண்டும்.

இரண்டாவது, உணவு. முட்டை பள்ளியோடு நிற்காமல் மேல்நிலைப் பள்ளிக்கும் அரசு விடுதிகளுக்கும் ஆலை விடுதிகளுக்கும் நீள வேண்டும். கேழ்வரகு எல்லா மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளுக்கும் வர வேண்டும்.

மூன்றாவது, மருத்துவம். கர்ப்பத்துக்கு முன்பே, 15 வயது முதல், எலும்பு வலியோடு வரும் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனையும் மாத்திரையும் கிடைக்க வேண்டும். வாரம் ஒருமுறை உண்ணும் 60,000 அலகு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்தானது. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகும். அரசு மருத்துவமனை கைவிடும்போதுதான் மக்கள் மருந்துக் கடையைத் தஞ்சம் அடைகிறார்கள்.

நான்காவது, கணக்கு. 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களிடம் எடுக்கப்படும் இந்த அளவுகள் சாதி வாரியாகவும் தொழில் வாரியாகவும் வெளியிடப்பட வேண்டும்.

இவற்றில் ஒன்றைக் கல்லூரி மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் இப்போதே தொடங்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கடந்த ஓராண்டில் எத்தனை கால்சியம் மாத்திரைகள் வந்தன, எத்தனை மாதம் இருப்பில்லாமல் போனது, எந்தெந்தக் குடியிருப்புகளுக்குச் செவிலியர் எத்தனை முறை சென்றார் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. கிடைக்கும் பதிலைச் சேரியிலுள்ள கர்ப்பிணிகளின் தாய்-சேய் நல அட்டைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடே நம் அடுத்த கோரிக்கை மனுவின் முதல் பக்கம்.